வாசலில் ஒரு துண்டுப் பாண்



டிக்கன்ஸ் என்றால் நம்மவர்களுக்கு ஒரு முகம் தெரிகிறது. தோமஸ் ஹார்டி என்றாலும் தெரிகிறது. அன்ரனி ட்ரொலப் அந்த அளவுக்கு நம்மிடையே அறியப்பட்டவர் அல்லர். 47 நாவல்கள் எழுதியவர். தபால் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, விடியற்காலையில் எழுந்து, மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்குப் பார்த்து எழுதியவர். இந்தக் கணக்கை அவர் தமது சுயசரிதையில் மறைக்காமல் சொல்லிவிட்டார். அதனாலேயே அவருடைய புகழ் கொஞ்சக் காலம் மங்கியது என்று சொல்வார்கள். எழுத்தாளன் அருள்வந்து எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் அல்லவா!

நமக்கும் அவருக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1875-இல் அவுஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் ட்ரொலப் இலங்கைக்கு வந்தார். அப்போது இங்கே தேசாதிபதியாக இருந்த சேர் வில்லியம் கிரகரி, ஹரோ பாடசாலையில் அவரோடு ஒன்றாகப் படித்தவர். அது ஒருபுறம் இருக்கட்டும். இன்றைய உரையில், 1855-இல் வெளிவந்த அவருடைய 'த வோர்டன்' என்ற சிறிய நாவலைப் பற்றியும், அந்த நாவல் பிறக்கக் காரணமாயிருந்த வழக்குகளுள் ஒன்றோடு சம்பந்தப்பட்ட ஒரு தரும மடத்தை நான் ஒருநாள் போய்ப் பார்த்தது பற்றியும் பேசலாம் என எண்ணுகிறேன்.

மடத்தின் பெயர் சென்ற் குறொஸ். புனித சிலுவை மடம் என்று தமிழில் சொல்லலாம். இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள வின்செஸ்டர் நகரத்துக்கு வெளியே, ஒரு மைல் தூரத்தில், இற்சன் ஆற்றங்கரைப் புல்வெளியில் இருக்கிறது. ஏறக்குறைய 900 ஆண்டுகளாக வயோதிபர்கள் அங்கே தங்கி வாழ்ந்து வருகிறார்கள். இன்றும் வாழ்கிறார்கள். அருங்காட்சியகமாக மாறிவிட்ட பழைய கட்டடங்கள் ஐரோப்பாவில் எத்தனையோ உண்டு. எதற்காகக் கட்டப்பட்டதோ அதையே இன்னும் செய்துகொண்டிருக்கும் கட்டடங்கள் குறைவு.

லண்டன் வோட்டர்லூ நிலையத்திலிருந்து புகையிரதத்தில் ஒரு மணி நேரப் பயணம். என்னோடு வந்தவர் எங்கள் ஊர் ஆசிரியர் ஒருவர். ஓய்வு பெற்று, இப்போது மகளோடு லண்டனில் இருக்கிறார். நான் அவரிடம் படித்தவன் அல்லன். ஆனாலும் ஊரில் எல்லோரும் அழைப்பதுபோல நானும் 'மாஸ்டர்' என்றுதான் அழைப்பேன். இதில் ஒரு வேடிக்கை: சென்ற் குறொஸ் மடத்தின் தலைவருக்கும் 'மாஸ்டர்' என்பதுதான் பதவிப் பெயர். இந்த உரையில் யார் எந்த மாஸ்டர் என்று நேயர்கள் குழம்பக்கூடாது என்பதற்காக, மடத்தவரை நான் மடத்தலைவர் என்றே சொல்கிறேன்.

புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை அது. பேராலயத்தைக் கடந்து, பழைய கல்லூரியின் மதிலோரமாகப் போனால் ஆற்றங்கரை வந்துவிடும். பிறகு நேரே புல்வெளிப் பாதை. இதே பாதையில் 1819-இல் ஜோன் கீற்ஸ் நடந்திருக்கிறார். அந்த வருடம் ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் தொடக்கம் வரை அவர் வின்செஸ்டரில் தங்கியிருந்தார். மதிய உணவுக்கு முன் தினமும் இந்தப் பக்கமாக உலாவிச் சென்ற் குறொஸ் வரை போய்வருவதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். செப்ரெம்பர் 19ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அப்படி நடந்துவிட்டு வந்து எழுதியதுதான் இலையுதிர் காலத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கவிதை. மாஸ்டருக்கு அந்தக் கவிதை முழுவதும் மனப்பாடம். வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். எதிரே நாயோடு வந்த ஒரு பெண்மணி நின்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்.

மடத்தின் வாசலைச் சேர்ந்தபோது பதினொரு மணி இருக்கும்.

முதலில் ஒரு வெளிமுற்றம். அதைத் தாண்டி ஒரு கோபுர வாயில். இதைக் கட்டுவித்தவர் கர்தினால் போபோர்ட். ஷேக்ஸ்பியருடைய 'ஆறாம் ஹென்றி' நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் மரணப் படுக்கையில் புலம்பிச் சாகிறாரே, அதே கர்தினால்தான். அவருடைய சிலை கோபுரத்தில் முழந்தாளிட்டபடி இருக்கிறது. நாடகத்தில் அவரைப் பயங்கரமான மனிதராகப் பார்த்தவனுக்கு, இங்கே அவர் இவ்வளவு அமைதியாக முழந்தாளிட்டிருப்பது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஆனால் மடத்தைத் தொடங்கியவர் அவர் அல்லர். அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1130களில், வின்செஸ்டர் ஆயராக இருந்த புளுவா ஹென்றி என்பவர் தொடங்கினார். இவர் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னனின் பேரன். ஸ்டீபன் மன்னனின் தம்பி. அவர் இந்தப் புல்வெளியில் உலாவிக்கொண்டிருந்தபோது பால்காரப் பெண் ஒருத்தி மறித்து, யுத்தத்தினால் சனங்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று முறையிட்டதாக ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், அவர் செய்த ஏற்பாடு தெளிவானது. உழைத்துச் சாப்பிட இயலாத 13 ஏழை ஆண்களுக்கு இருப்பிடமும் உணவும் உடையும். அதற்குமேல், தினமும் 100 ஏழைகளுக்கு மண்டபத்தில் சாப்பாடு. அந்த மண்டபம் 'நூறு மனிதர் மண்டபம்' என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. இப்போது அங்கே வருகிறவர்களுக்குத் தேநீரும் கேக்கும் விற்கிறார்கள்.

1445-இல் கர்தினால் போபோர்ட் இதோடு இன்னொரு தருமத்தைச் சேர்த்தார். நன்றாக வாழ்ந்து நொடித்துப் போனவர்களுக்காக அவர் ஏற்படுத்தியது அது. 'கண்ணியமான வறுமை' என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஆகவே இங்கே இருவகைச் 'சகோதரர்கள்' உண்டு. பழைய தருமத்தைச் சேர்ந்தவர்கள் கறுப்பு அங்கி அணிந்து, மார்பில் வெள்ளிச் சிலுவை குத்தியிருப்பார்கள். போபோர்ட்டின் தருமத்தைச் சேர்ந்தவர்களுக்குச் சிவப்பு அங்கி. மொத்தத்தில் 25 பேர் வரை இருக்க இடமுண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி வீடு. முற்றத்தின் மேற்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் அந்த வீடுகளின் புகைபோக்கிகள், கூரைக்கு மேலே காவற்காரர்கள்போல உயர்ந்து நிற்கின்றன. காலையில் எல்லோரும் அங்கியணிந்து தேவாலயத்தில் பிரார்த்தனைக்குக் கூடவேண்டும் என்பது ஒழுங்கு.

இனி அந்த வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபுர வாயிலில் காவலாளியின் அறை இருக்கிறது. வழிப்போக்கர் யார் வந்து கேட்டாலும் ஒரு துண்டுப் பாணும், கொம்பினால் செய்த சிறிய கிண்ணத்தில் கொஞ்சம் பியரும் கொடுக்கவேண்டும். இது பழைய வழக்கம், இன்றும் நடக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: கேட்க வேண்டும். கேளாதவருக்குக் கொடுப்பதில்லை. உள்ளே பார்க்கப் போவதற்கான கட்டணத்தைக் கட்டிவிட்டு, பாணைக் கேட்கத் தெரியாமல் உள்ளே போய்விடும் உல்லாசப் பயணிகள் நிறையப்பேர்.

நான் மாஸ்டரிடம், "நாங்களும் கேப்பம்" என்றேன்.

"நீர் வேணுமெண்டால் கேளும். நான் கேக்கமாட்டன்" என்றார்.

"ஏன் மாஸ்டர்? இது ஒரு சம்பிரதாயந்தானே."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கோபுரத்தின் நிழலில் இருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டார். பிறகு சொன்னார்: "தொண்ணூற்றஞ்சிலை சாவகச்சேரியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை இருந்தனாங்கள். நான் படிப்பிச்ச பெடியன் ஒருத்தன் மேசையிலை இருந்து பேர் பதிஞ்சவன். எத்தினை பேர், எந்த இடம், கார்ட் எங்கை எண்டு என்னைக் கேட்டவன். தலையை நிமித்திப் பாக்கேல்லை. பாத்திருந்தால் அவனுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். அந்தப் பாணைத் திண்டனான் தான். ஆனால் அதுக்குப் பிறகு நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டதில்லைத் தம்பி."

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதக் கடைசியில், ஒரே இரவில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறித் தென்மராட்சிப் பக்கம் போன இலட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். அதற்குமேல் நான் எதுவும் பேசவில்லை. காவலாளியின் யன்னலுக்குப் போய், இரண்டு பேருக்குத் தரும்படி கேட்டேன். வயதான மனிதர். இரண்டு துண்டுப் பாணும் இரண்டு கொம்புக் கிண்ணமும் ஒரு மரத்தட்டில் வைத்துத் தந்தார். எந்த நாடு, எங்கே போகிறீர்கள், மற்றவர் யார் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தந்துவிட்டு, கிண்ணத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மாஸ்டர் பாண் துண்டைக் கையில் வைத்துச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார். பியர் அவர் தொடுவதில்லை. அதையும் நானே குடிக்கும்படியாயிற்று. கிண்ணங்களைக் கொடுத்துவிட்டு உள்ளே நடக்கும்போது, "அவன் என்னை ஆரெண்டு கேக்கேல்லைப் பாத்தீரோ" என்றார்.

இதே வாசலில், 1848ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இரண்டு பெரிய எழுத்தாளர்கள் நின்று பாணும் பியரும் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் அமெரிக்கரான எமர்சன். மற்றவர் ஸ்கொட்லாந்துக்காரரான தோமஸ் கார்லைல். இருவரும் ஸ்ரோன்ஹெஞ் பெருங்கற்களைப் பார்த்துவிட்டு இந்த வழியாக வந்தார்கள். இங்கிலாந்தைப் பற்றி எமர்சன் 1856-இல் வெளியிட்ட நூலில் அதை எழுதியிருக்கிறார். நாளொன்றுக்கு இருபது பேரளவில் வந்து கேட்பதாகத் தேவாலயத்தைப் பார்த்துக்கொண்ட முதிய தம்பதியர் அவர்களிடம் சொன்னார்களாம். எமர்சனுக்கு, எழுநூறு ஆண்டு பழைமையான விருந்தோம்பல் என்று வியப்பு. கார்லைலுக்கோ கோபம். ஏழைகளுக்கென்று வைத்த பணத்தில் வருடம் 2,000 பவுண் எடுத்துக்கொண்டு, இந்தத் தண்ணிப் பியருக்கும் பாண் துணிக்கைக்கும் சிறு தொகையைச் செலவழிக்கிறானே இந்தக் குரு என்று அந்த இடத்திலேயே சாபம் போட்டாராம்.

கார்லைல் எதற்கும் கோபப்படுகிறவர்தான். ஆனால் இந்தமுறை அவருடைய கோபத்துக்கு ஆதாரம் இருந்தது. அப்போதைய மடத்தலைவர் பிரான்சிஸ் நோர்த். இவரை 1808-இல் அந்தப் பதவியில் நியமித்தவர் வின்செஸ்டர் ஆயர். அந்த ஆயர் இவருடைய தகப்பனார். பிறகு கில்ஃபோர்ட் பிரபு என்ற பட்டமும் இவருக்கு வந்து சேர்ந்தது. வேறு கோயிற்பற்றுகளின் வருமானமும் இருந்தது. மடத்துக்குச் சொந்தமான காணிகளின் குத்தகைப் பணத்தில், சகோதரர்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு மிச்சம் முழுவதும் மடத்தலைவருக்கே என்று 1696-இல் எழுதிய ஓர் ஏடு அவருக்குத் துணையாக இருந்தது. அந்த ஏட்டை எழுதியவர்கள் அக்காலத்து மடத்தலைவரும் சகோதரர்களுந்தான் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. பத்திரிகைகளில் கூக்குரல் எழுந்து, வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், 1853-இல் தீர்ப்பு பிரபுவுக்கு எதிராக அமைந்தது.

இதற்கு ஒரு வருடத்துக்கு முன்னர், 1852-இல், தபால் திணைக்கள அலுவலாகச் சோல்ஸ்பரி நகருக்கு வந்த ட்ரொலப், ஒரு கோடைகால மாலையில் அங்குள்ள பேராலயத்தைச் சுற்றி உலாவிக்கொண்டிருந்தபோது தமது நாவலின் கதையைக் கருக்கொண்டார். சென்ற் குறொஸ் வழக்கு அந்நாட்களில் எல்லோரும் பேசிய விஷயம். நாவலின் தொடக்கத்திலேயே சென்ற் குறொஸின் பெயரை ட்ரொலப் குறிப்பிடுகிறார். அதற்கும் மேலாக, சிறுவனாக இருந்தபோது மூன்று ஆண்டுகள் அவர் வின்செஸ்டர் கல்லூரியில் படித்தவர். நாங்கள் மதிலோரமாகக் கடந்துவந்தோமே, அதே கல்லூரி.

நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பார்செஸ்டர் என்பது ஒரு கற்பனை நகரம். அங்கே 1434-இல் ஜோன் ஹைரம் என்ற கம்பளி வியாபாரி, இயலாத வயோதிபர் 12 பேருக்கு ஒரு மடம் எழுதிவைத்துவிட்டு இறந்தான். காணியின் பெறுமதி காலப்போக்கில் பல மடங்கு கூடிவிட்டது. இப்போது அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நாளுக்கு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ். மடத்தின் பொறுப்பாளரான மதகுரு ஹார்டிங்குக்கு வருடம் 800 பவுணும் அழகான வீடும் தோட்டமும். இதைக் கேள்விக்குள்ளாக்குகிறான் ஜோன் போல்ட் என்ற இளம் வைத்தியன். அவன் காதலிப்பதோ ஹார்டிங்கின் இளைய மகள் எலெனோரை!

இந்த இடத்தில் ட்ரொலப்பின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். கில்ஃபோர்ட் பிரபுவைப்போல ஒரு பேராசைக்காரனை அவர் ஹார்டிங்கின் இடத்தில் வைக்கவில்லை. ஹார்டிங் மென்மையான மனிதர். இசைப் பித்தர். தமது கைக்காசிலிருந்து ஒவ்வொரு வயோதிபருக்கும் நாளுக்கு இரண்டு பென்ஸ் கூடுதலாகக் கொடுத்து வருகிறவர். மனம் கலங்கினால், இல்லாத வயலின்செல்லோ ஒன்றை இருப்பதுபோலப் பாவித்து வெறுங்காற்றில் வாசிக்கத் தொடங்கிவிடுவார். இப்படிப்பட்ட ஒருவரிடம் போய், 'இந்தப் பணம் உமக்கு உரியதா?' என்று கேட்டால் என்ன ஆகும்? அதுதான் நாவல்.

அவருடைய மூத்த மருமகன் கிராண்ட்லி, திருச்சபையின் செல்வாக்குள்ள குரு. 'கேட்கிறவன் யார், நீங்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்' என்பதுதான் அவருடைய வாதம். வழக்கில் சட்ட ஓட்டை ஒன்றும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எலெனோர் கண்ணீரோடு மன்றாட, போல்டும் வழக்கை விட்டுவிடுகிறான். எல்லாம் சுபம். ஆனால் ஹார்டிங் அன்று லண்டனில் இருக்கிறார். பெரிய சட்டத்தரணி ஒருவரைச் சந்திக்க வேண்டும். இரவு பத்து மணிக்குத்தான் நேரம் கிடைத்திருக்கிறது. மருமகன் தேடிவந்து தடுத்துவிடுவார் என்று பயந்து, பகல் முழுவதும் வெஸ்ற்மின்ஸ்டர் தேவாலயத்தில் ஒளிந்திருக்கிறார். வெளியில் வந்து, எங்கே சாப்பிடுவது என்று தெரியாமல் ஒரு மோசமான கடையில் எதையோ கடித்துவிட்டு, சுருட்டுக் கடையொன்றில் கோப்பி குடித்தபடி நித்திரையாகிவிடுகிறார். ஆங்கில நாவல்களில் இத்தனை சாதாரணமான வீரச்செயல் வேறு எங்கும் வருவதாக எனக்கு ஞாபகம் இல்லை. இரவில் சட்டத்தரணி, 'வழக்கே இல்லை, நீங்கள் வென்றுவிட்டீர்கள்' என்கிறார். ஹார்டிங்கோ, 'அது சரி, அந்தப் பணம் நியாயமாக எனக்கு உரியதா?' என்று கேட்கிறார். சட்டத்தரணிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. ஹார்டிங் பதவியைத் துறந்துவிடுகிறார்.

தமது சுயசரிதையில் ட்ரொலப், இரண்டு தீமைகளை ஒன்றாகத் தாக்க முயன்றதாகச் சொல்கிறார். ஏழைகளின் தருமப் பணம் சோம்பேறிக் குருமாருக்குப் போவது ஒன்று. அந்தக் குருமாரைப் பத்திரிகைகள் அளவுக்கு மீறித் தாக்குவது மற்றது. ஊர் வழக்கம் இப்படித்தான் என்று நம்பி வாங்கினவனை எவ்வளவுக்குக் குற்றஞ்சாட்டலாம் என்பது அவருடைய கேள்வி. கார்லைலையும் டிக்கன்ஸையும் வேறு பெயர்களில் கொண்டுவந்து கேலி செய்யவும் அவர் தவறவில்லை. கார்லைலுக்கு வைத்த பெயர் 'டொக்ரர் பெசிமிஸ்ற் அன்ரிகான்ற்'. 1848-இல் இந்த வாசலில் நின்று சாபம் போட்டவர், ஏழு வருடங்களில் ஒரு மடத்தின் கதைக்குள்ளேயே கேலிச் சித்திரமாகிவிட்டார்!

இனி, இந்த நாவலைப் பற்றி என் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும். பல வருடங்களாக நான் விரும்பிப் படித்துவரும் நாவல் இது. ஹார்டிங்கைப் போன்ற ஒரு நல்ல மனிதரை எழுத்தில் உயிரோடு நிறுத்துவது இலேசான காரியமன்று. ஆனால் அந்தப் பன்னிரண்டு வயோதிபர்கள்? அவர்களை ட்ரொலப் எப்படி நடத்துகிறார்? வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஆளுக்கு 100 பவுண் கிடைக்கும் என்று அவர்களுக்கு ஆசை வருகிறது. மனு ஒன்று எழுதப்படுகிறது. எழுதத் தெரியாதவர்கள் புள்ளடி போடுகிறார்கள். அந்தக் காட்சி முழுவதும் நகைச்சுவை. பேராசைக்காரர், நன்றி கெட்டவர், ஏமாளிகள். கையொப்பமிட மறுத்து ஹார்டிங்கோடு நிற்கும் பன்ஸ் என்ற கிழவன் ஒருவன்தான் ட்ரொலப்பின் கண்ணில் மனிதனாகத் தெரிகிறான்.

கடைசியில் ஹார்டிங் விடைபெறும் அத்தியாயத்தில், படுக்கையில் கிடந்து சாகப்போகும் பெல் என்ற கிழவனிடம் போகிறார். அந்த நிலையிலும் அவன் அந்த நூறு பவுணைப் பற்றித்தான் விசாரிக்கிறான். ஹார்டிங் அந்தப் பொய்யான நம்பிக்கையை மிக மெதுவாக அணைத்துவிடுகிறார். படிக்கிறவர்கள் ஹார்டிங்குக்காகக் கண்கலங்க வேண்டும் என்று எழுதப்பட்ட இடம் அது. நானும் கலங்கியவன்தான்.

நாங்கள் அப்போது சகோதரர்களின் பழைய மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தோம். உயரமான மரக்கூரை. தரையின் நடுவில் திறந்த அடுப்பு. தோலினால் செய்த பழைய பியர்ச் சாடிகள். பெல்லின் கதையை நான் எடுத்ததும் மாஸ்டர் குறுக்கிட்டார். அவரும் அறுபதுகளில் தாம் படித்த பாடசாலையின் நூலகத்தில் எடுத்து அந்த நாவலை வாசித்தவர்.

"அதிலை என்ன பொய் நம்பிக்கை?" என்றார். "ஹைரம் காணி எழுதினது ஆருக்கு? கிழவங்களுக்கு. காணியின்ரை வருமானம் கூடினால் பங்கு கேக்கிறது பேராசையோ? ஹார்டிங் நல்ல மனுசன், நான் இல்லையெண்டேல்லை. நல்ல மனுசன் தன்ரை கைக்காசிலை ரண்டு பென்ஸ் குடுத்தால் நாங்கள் அழுறம். அந்தக் கிழவன் தன்ரை காசைக் கேட்டால் சிரிக்கிறம்."

எனக்குப் பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ட்ரொலப்புக்காகச் சொல்லக்கூடிய ஒரு விஷயம் மட்டும் நினைவுக்கு வந்தது. வின்செஸ்டர் கல்லூரியில் படித்த காலத்தில் அவருடைய தகப்பனார் கடனில் மூழ்கிப் பாடசாலைப் பணம் கட்ட முடியாமல் போயிற்று. அந்தப் பையனுக்கு இனிமேல் கடன் கொடுக்க வேண்டாம் என்று கடைக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது. அது மற்ற மாணவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அவர் அந்த அவமானத்தைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கேட்டு இல்லையென்று சொல்லப்படுவது எப்படியிருக்கும் என்று, இந்த மடத்திலிருந்து ஒரு மைல் தூரத்தில், பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அறிந்துகொண்ட பிள்ளை அவர். அப்படிப்பட்டவர், கை நீட்டும் கிழவர்களின் பக்கம் நின்று ஒரு பக்கமாவது எழுதியிருக்கலாம். ஒருவேளை அந்த அவமானமே அவரைத் தடுத்திருக்குமோ? கேட்டுவிட்டு வெட்கப்பட்டவர்கள், கேட்கிற மற்றவர்களிடம் இரக்கமில்லாமல் நடப்பதை நான் வாழ்க்கையில் கண்டிருக்கிறேன். மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் தோலாற் செய்த சாடி ஒன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "இருக்கலாம்" என்றார்.

தேவாலயத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கட்டடக் கலை தெரிந்தவர்கள் அதை மிகவும் புகழ்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகக் கட்டப்பட்டதால், ஒரு பக்கத்தில் நோர்மன் பாணியின் அரைவட்ட வளைவும், மறுபக்கத்தில் கூர்மையான கோதிக் வளைவும் ஒன்றாக நிற்கின்றன. இருபத்தைந்து கிழவர்கள் தொழுவதற்கு ஒரு பேராலயம் கட்டியதுபோல இருக்கிறது. புளுவா ஹென்றி எதையும் சிறிதாகச் செய்யத் தெரியாத மனிதர்போலும்.

ட்ரொலப்பின் நாவலில் மடத்தின் முடிவு மிகவும் சோகமானது. ஹார்டிங் போனபின் அவருடைய இடத்துக்கு யாரும் நியமிக்கப்படவில்லை. சில வருடங்களில் ஆறு கிழவர்கள் இறந்துபோகிறார்கள். அந்த இடங்களும் நிரப்பப்படவில்லை. மிச்சமுள்ள ஆறு பேரும் ஒருவரோடொருவர் சண்டை. தோட்டம் காடாகிவிடுகிறது. சீர்திருத்தக்காரர் தலையிட்டதால் வந்த பலன் இது என்பது ஆசிரியரின் குறிப்பு.

சென்ற் குறொஸில் நடந்தது வேறு. தீர்ப்புக்குப் பிறகு நிர்வாகம் தனியொருவர் கையிலிருந்து எடுக்கப்பட்டு அறங்காவலர் சபையிடம் கொடுக்கப்பட்டது. மடம் அழியவில்லை. நாங்கள் தோட்டத்துக்குப் போனபோது, குளத்தருகே பூப்பாத்திகள் நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தன. நீதிமன்றத்துக்குப் போனதால்தான் அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் கேள்வி கேட்டால் தருமம் கெட்டுவிடும் என்ற ட்ரொலப்பின் பயத்துக்கு அந்தத் தோட்டம் ஆதாரமாக நிற்கவில்லை. இந்த விஷயத்தில் நான் கோபக்காரக் கார்லைலின் பக்கந்தான்.

புறப்படும் நேரத்தில், கறுப்பு அங்கியும் வெள்ளிச் சிலுவையும் அணிந்த ஒரு சகோதரரைச் சந்தித்தோம். வந்தவர்கள் சிலருக்கு இடத்தைக் காட்டிவிட்டு, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது மதிக்கலாம். மாஸ்டர் அவரை நிறுத்தி, நல்ல இலக்கண சுத்தமான ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, உங்கள் மடத்தின் கணக்குகளை நீங்கள் பார்க்கலாமா?"

அந்த மனிதர் கொஞ்சம் திகைத்துப் போனார். வருகிறவர்கள் அவரிடம் புகைபோக்கிகளைப் பற்றியும் அங்கியைப் பற்றியுந்தான் கேட்பார்கள்போலும். பிறகு சிரித்துக்கொண்டு, கணக்குகள் வருடாவருடம் அறநிலைய ஆணைக்குழுவுக்குப் போகின்றன என்றும், யார் வேண்டுமானாலும், எங்கள் இருவரையும் சேர்த்துத்தான், அவற்றை எடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்றார் மாஸ்டர்.

"நானா? ஒருநாளும் இல்லை" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, "பார்க்கத்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டு, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தம் வீட்டுப் படியேறினார்.